பதினோரு கிளப், பத்து நாடு: ஒரு நடுத்திடல் ஆட்டக்காரரின் பட்டியலைப் படிப்பது எப்படி?

"மாமா, இந்த ஆளு என்னா, ஒரு எடத்துல நிக்கவே மாட்டானா?"

சனிக்கிழமை காலை. திடலில் பையன்களைப் பிழிந்து எடுத்துவிட்டு, சுங்கை சிப்புட் பட்டணத்து ஒட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தோம். அக்கா மகன் ரொட்டி சானாயைப் பிய்த்தபடியே கைப்பேசியை என் பக்கம் தள்ளினான். திரையில் ஜப்பானின் கெய்சுகே ஹோண்டா ஆடிய கிளப்புகள் வரிசையாக இருந்தன. நகோயாவில் ஆரம்பித்து வென்லோ, மாஸ்கோ, மிலான், மெக்சிகோவின் பச்சூகா, மெல்பர்ன், மறுபடியும் நெதர்லாந்தில் ஆர்ன்ஹெம், ரியோ டி ஜெனிரோ, பாக்கு, லிதுவேனியாவில் ஒரு சிறிய ஊர், கடைசியாகப் பூட்டானின் பாரோ. பதினோரு கிளப், பத்து நாடு.

நல்ல ஆட்டக்காரன் என்றால் ஒரே கிளப்பில் பத்து வருடம் நிற்பான் என்பது அவன் கணக்கு. ஊர் ஊராகச் சுற்றுபவனை யாரும் வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தமாம். அவன் மட்டுமில்லை, திடலைச் சுற்றி நின்று பார்க்கும் அப்பாமார்களும் இதையேதான் சொல்கிறார்கள். தோட்டத்தில் மூன்று தலைமுறை ஒரே லயத்தில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு இடம் மாறுவது என்றாலே ஏதோ தப்பு நடந்ததாகத் தோன்றுகிறது போலும்.

அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். காற்பந்தில் ஒப்பந்தம், இரவல், மாற்றுத் தொகை என்று பத்திரிகையில் படித்துவிட்டுப் புரியாமல் பக்கத்தைத் திருப்புகிறவர்களுக்காக.

இப்படிப்பட்ட பட்டியலில் கிளப்பின் பெயரைப் பார்ப்பது கடைசி வேலை. முதலில் ஒவ்வொரு வரியிலும் எத்தனை மாதம் இருந்தார், எப்படி உள்ளே வந்தார், எப்படி வெளியே போனார் என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றும் தெரிந்தால் பெயரே தெரியாத கிளப்பும் கதை சொல்லும். தெரியாவிட்டால் ஏசி மிலான் என்று எழுதியிருந்தாலும் ஒன்றும் விளங்காது.

தொழில்முறை ஆட்டக்காரர் கிளப்போடு எழுத்து ஒப்பந்தம் போடுகிறார். ஃபிஃபா விதிப்படி அது அதிகபட்சம் 5 ஆண்டு. 18 வயதுக்குக் கீழே என்றால் 3 ஆண்டுதான். ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு கிளப் கேட்டால், இருக்கும் கிளப்புக்கு ஒரு விலை கொடுத்துத்தான் எடுக்க முடியும். அதுதான் மாற்றுத் தொகை. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் விலை கிடையாது, அவர் விரும்பிய இடத்துக்குப் போகலாம். ஒப்பந்தத்தின் கடைசி 6 மாதத்துக்குள்ளேயே வேறு கிளப்போடு பேசிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளவும் விதி இடம் கொடுக்கிறது.

இது இன்றைக்கு இயல்பாகத் தெரிகிறது. 1995 வரை ஐரோப்பாவில் இப்படி இல்லை. அதை மாற்றியவரும் ஒரு நடுத்திடல் ஆட்டக்காரர்தான். பெல்ஜியத்தின் ஜான் மார்க் போஸ்மன். 1990-இல் லியேஜ் கிளப்போடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் சம்பளத்தைக் கிளப் வெகுவாகக் குறைத்தது. அவர் பிரான்சின் டன்கெர்க் கிளப்புக்குப் போக நினைத்தார். ஒப்பந்தமே முடிந்த ஆளுக்கும் லியேஜ் விலை கேட்டது. பணம் கைமாறவில்லை, போஸ்மனும் போக முடியவில்லை. அவர் நீதிமன்றம் போனார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒப்பந்தம் முடிந்தவருக்கு விலை கேட்கக் கூடாது. அதற்குள் அவருக்கு 31 வயது. தீர்ப்பின் பலனை மற்றவர்கள்தான் அனுபவித்தார்கள்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு என் பெரியப்பா நினைவுக்கு வருகிறார். அறுபதுகளில் இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டினார். சாயங்காலம் தோட்டத்து அணியில் நடுத்திடல். ஒல்லியான ஆள், இரண்டு காலாலும் அடிப்பார். தோட்டங்களுக்கு இடையில் கிண்ணப் போட்டி நடக்கும், துரைமார்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். அப்படி ஓர் ஆட்டத்தில் பார்த்துவிட்டுத்தான் பக்கத்துத் தோட்டத்து துரை ஆள் அனுப்பினார். வெட்டுக்காட்டு வேலை வேண்டாம், ஸ்டோரில் நிழலில் வேலை, கூடவே ஒரு சைக்கிள்.

பெரியப்பா பூட்ஸைப் பிஸ்கட் டின்னில் போட்டுக் கட்டிவிட்டார். ஆனால் இங்கே தோட்டத்துக் கணக்கரான கிராணி, வேலையை விட்டுப் போக விடும் சீட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். தோட்டத்துக் கடையில் அரிசி, கருவாடு வாங்கிய கணக்கு 42 வெள்ளி பாக்கி. அதைத் தீர்க்காமல் போக முடியாது. மூன்று வாரம் பிஸ்கட் டின் வாசற்படியிலேயே இருந்தது. கடைசியில் புதிய தோட்டத்திலிருந்து 42 வெள்ளி வந்து சேர்ந்தது. எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் மாற்றுத் தொகை அது. குடும்பத்துக்கு எங்கே கிடைத்தது, கடைக்காரருக்குத்தான் கிடைத்தது.

சரி, ஹோண்டாவுக்கு வருவோம்.

கம்பா ஒசாகாவின் இளையோர் அணியில் இருந்தவரை மேல்நிலைக்கு ஏற்றவில்லை. ஊரை விட்டுக் கனசாவாவில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்குப் போய் ஆடி, 2005-இல் நகோயா கிராம்பஸில் சேர்ந்தார். 2008 ஜனவரியில் நெதர்லாந்தின் வென்லோ. போன சில மாதங்களிலேயே அந்த அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இங்கேதான் பட்டியல் நம்மை ஏமாற்றும். மேலோட்டமாகப் பார்த்தால் ஐரோப்பாவுக்குப் போய் விழுந்தவர் மாதிரித் தெரியும். ஆனால் அவர் இறங்கிய அணியோடேயே நின்றார், தலைவரானார், அடுத்த சீசனில் அந்தப் பிரிவை வென்று அணி மேலே ஏறியது. ரசிகர்கள் அவரைச் சக்கரவர்த்தி என்றே கூப்பிட்டார்கள். பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு வருடத்து ஆட்ட நேரம் கிடைத்திருக்காது. என்னைக் கேட்டால் அவருடைய பட்டியலிலேயே முக்கியமான வரி மிலான் இல்லை, வென்லோதான்.

2010 ஜனவரியில் மாஸ்கோவின் சிஎஸ்கேஏ அவரை எடுத்தது. மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக்கில் செவில்யாவின் சொந்தத் திடலில் அவர் அடித்த ஃப்ரீகிக் உள்ளே போக, சிஎஸ்கேஏ முதல் முறையாகக் காலிறுதிக்குப் போனது. அந்த ஆண்டு ஜூனில் தென்னாப்பிரிக்க உலகக் கிண்ணத்தில் கேமரூனுக்கும் டென்மார்க்குக்கும் எதிராகக் கோல்.

அடுத்த வரி மிலான், 2014 ஜனவரி. ஏன் ஜனவரி? 2013-இன் நடுவிலேயே மிலான் கேட்டது. சிஎஸ்கேஏ சொன்ன விலை ஒத்துவரவில்லை. ஹோண்டாவின் ஒப்பந்தமோ அந்த டிசம்பரில் முடிகிறது. ஆகவே மிலான் காத்திருந்தது. ஒப்பந்தம் முடிந்த கையோடு ஒரு காசும் கிளப்புக்குக் கொடுக்காமல் எடுத்து 10-ஆம் எண் சட்டையைக் கொடுத்தது. போஸ்மன் போட்ட பாதையில் நடந்தவர்தான் அவரும். இப்படி இலவசமாக வருகிற ஆட்டக்காரருக்குச் சம்பளம் கூடுதலாகக் கேட்க முடியும், கிளப் விலைக்குக் கொடுத்திருக்க வேண்டிய பணத்தில் ஒரு பங்கு அவர் பைக்கு வரும். அடிக்கடி இடம் மாறுகிறவர்கள் சிலர் வேண்டுமென்றே ஒப்பந்தத்தை முடியவிடுவது இதனால்தான்.

மிலானில் அவர் பெரும்பாலும் வலது ஓரத்தில் ஆடினார். நடுவில் ஆடப் பிறந்தவரை ஓரத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று பையன்களுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

நடுத்திடல் ஆட்டக்காரர்கள் ஏன் இப்படிச் சுற்றுகிறார்கள் என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. முன்வரிசைக்காரனுக்குக் கோல் எண்ணிக்கை இருக்கிறது, கோல் காவலனுக்குத் தடுத்த கணக்கு இருக்கிறது. நடுத்திடலில் நிற்பவனின் மதிப்பு பயிற்றுநரின் கண்ணில்தான் இருக்கிறது. ஒரு பயிற்றுநர் பந்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறவனைக் கேட்பார். அடுத்து வருபவர் ஓடி மறிக்கிறவனைக் கேட்பார். பயிற்றுநர் மாறினால் முதலில் மாறுவது நடுத்திடல். அதோடு பேச்சு. முன்னால் நிற்பவன் கையைத் தூக்கினால் போதும். நடுவில் நிற்பவன் முன்னுக்கும் பின்னுக்கும் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். புது நாட்டில் மொழி வரும் வரை பாதி ஆள்தான்.

ஹோண்டாவின் ஏழாவது வரி இதற்குச் சாட்சி. பச்சூகாவில் ஒரு சீசன், 2018 ரஷ்ய உலகக் கிண்ணத்தில் செனகலுக்கு எதிராகக் கோல் போட்டு மூன்று உலகக் கிண்ணங்களில் கோல் அடித்தவர் என்ற பெயர், பிறகு மெல்பர்ன் விக்டரி. அது முடிந்து 2019 நவம்பரில் ஆர்ன்ஹெமின் விட்டெஸ். காரணம், அங்கே பயிற்றுநராக இருந்தவர் மாஸ்கோவில் இவரை ஆட்டுவித்த லியோனிட் ஸ்லுட்ஸ்கி. சில வாரத்தில் ஸ்லுட்ஸ்கி விலகினார். டிசம்பரிலேயே ஹோண்டாவும் போய்விட்டார், ஆடியது 4 ஆட்டம். பட்டியலில் இரண்டே மாதம் இருக்கிற வரியைப் பார்த்தால் உடனே அவர் சரியில்லை என்று முடிவு கட்டாமல், அந்த மாதத்தில் பயிற்றுநர் யார் என்று தேடிப் பாருங்கள்.

மெல்பர்னில் ஆடிக்கொண்டிருந்தபோதே கம்போடியத் தேசிய அணியின் பொறுப்பையும் 2018 ஆகஸ்டில் எடுத்திருந்தார். அந்த நவம்பரில் நம் மலேசியத் தேசிய அணி ஹரிமாவ் மலாயா புனோம் பென்னில் 1-0 என்று ஜெயித்தது அவர் பொறுப்பிலிருந்த அணியைத்தான். அக்கா மகனுக்கு இது தெரிந்ததும் ஹோண்டா மீது கொஞ்சம் பாசம் வந்துவிட்டது.

2020 முழுக்க ரியோவின் போட்டஃபோகோ, நோய்க்காலத்து வெறும் அரங்கங்கள். 2021 பிப்ரவரியில் போர்ச்சுகலின் போர்ட்டிமோனென்ஸ் கிளப்போடு கையெழுத்துப் போட்டார். அந்தக் கிளப் மேலே நான் சொன்ன பதினொன்றில் இல்லை. ஏன்? பதிவு விதியில் சிக்கிக்கொண்டார். கையெழுத்துப் போட்டால் மட்டும் ஆட முடியாது. ஆட்டக்காரரை அந்நாட்டுக் காற்பந்துச் சங்கத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்கு ஆண்டுக்கு இரண்டு காலம்தான் திறந்திருக்கும். வெளிநாடு என்றால் பழைய நாட்டுச் சங்கம் மாற்றுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். 2010 அக்டோபர் முதல் இது கணினி வழியாகத்தான் நடக்கிறது, முன்பு தொலைநகலுக்காக நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். பதிவு கிடைக்காததால் போர்ட்டிமோனென்ஸில் ஓர் ஆட்டமும் ஆடாமலேயே போய், மார்ச்சில் அசர்பைஜானின் நெஃப்ட்சியில் சேர்ந்தார். அந்த சீசனில் அவர்கள் லீக்கை வென்றார்கள். பிறகு லிதுவேனியாவின் சூடுவா. 2024-இல் ஆசியப் போட்டியின் தகுதிச்சுற்றுக்காகப் பூட்டானின் பாரோவுக்கு ஒரே ஓர் ஆட்டம்.

ஒரே ஓர் ஆட்டத்துக்கு 38 வயதில் இமயமலைக்குப் போகிறவரை ஓடுகாலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹோண்டாவின் பட்டியலில் இரவல் இல்லை. மற்றவர்கள் பட்டியலில் நிறைய இருக்கும், ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். இரவல் என்றால் ஒப்பந்தம் பழைய கிளப்பிலேயே இருக்கும், ஆள் மட்டும் வேறு இடத்தில் ஆடுவார். சம்பளத்தை இரண்டு கிளப்பும் பேசிப் பிரித்துக்கொள்ளும். எட்கர் டேவிட்ஸ் 2004 ஜனவரியில் யுவென்டஸிலிருந்து பார்சலோனாவுக்கு அரை சீசன் இரவல் போனார். தள்ளாடிக்கொண்டிருந்த அணி அந்த சீசனில் இரண்டாம் இடத்தில் முடித்தது. அவர் அங்கே தங்கவில்லை, கோடையில் இன்டர் மிலானுக்குப் போய்விட்டார். பட்டியலில் அது ஆறு மாதத்து வரிதான். பணக்காரக் கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்கிக் குவித்து வருடக்கணக்கில் இரவலுக்கே விட்டுக்கொண்டிருந்ததால், 2022 ஜூலையில் ஃபிஃபா ஒரு கடிவாளம் போட்டது. இரவல் ஓராண்டைத் தாண்டக் கூடாது, பன்னாட்டு இரவலில் எத்தனை பேரை அனுப்பலாம் என்பதற்கும் எல்லை. இளையோருக்கு மட்டும் விலக்கு உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் பெரிய இடத்துக் கதை. நம் லீக்கைப் பின்தொடர்கிறவர்களுக்குத் தெரிந்த இன்னொரு காரணம் இருக்கிறது: சம்பளப் பாக்கி. இறக்குமதி ஆட்டக்காரர் ஒருவர் சீசன் நடுவில் சட்டென்று காணாமல் போனால், ரசிகர்கள் திட்டுவதற்கு முன் கிளப்பின் கணக்கைப் பார்க்க வேண்டும். 2018 முதல் ஃபிஃபா விதியில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்றால், ஆட்டக்காரர் எழுத்து மூலம் கிளப்புக்கு அறிவித்து, குறைந்தது 15 நாள் கெடு கொடுத்து, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். தப்பு அவர் மேல் கிடையாது. வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்தில் இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் கோபத்தில் விமானம் ஏறிப் போனவன் பிறகு தானே நஷ்ட ஈடு கட்ட வேண்டிவரும்.

அப்படிக் கட்டச் சொல்லப்பட்டவர் பிரான்சின் லஸ்ஸானா டியாரா. அவரும் நடுத்திடல்தான், அவரும் ஊர் சுற்றியவர்தான். செல்சி, ஆர்செனல், போர்ட்ஸ்மத், ரியல் மாட்ரிட் எல்லாம் பார்த்தவர். 2014-இல் லோகோமோட்டிவ் மாஸ்கோவோடு தகராறு வந்து ஒப்பந்தம் முறிந்தது. அவர் மேல்தான் தவறு என்று 1 கோடியே 5 லட்சம் யூரோ கட்டச் சொன்னார்கள். அவரை எடுக்கிற புதிய கிளப்பும் அந்தப் பணத்துக்குப் பொறுப்பாகலாம் என்பது அன்றைய விதி. பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா எடுக்க விரும்பியும் பயந்து பின்வாங்கியது. 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விதிகள் சில ஐரோப்பியச் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்று சொன்னது. போஸ்மனுக்கும் டியாராவுக்கும் இடையில் 29 வருடம். இரண்டு வழக்குக்கும் அடிப்படை ஒன்றுதான்: போக விரும்புகிற ஆளின் சீட்டில் கையெழுத்துப் போட மறுக்கும் கிராணி.

இனி நம் திடலுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். இதை அப்பாமார்கள் கவனித்துப் படிக்க வேண்டும்.

ஒப்பந்தம் ஓடும்போது ஓர் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு விலைக்குப் போனால், அந்த விலையில் 5 விழுக்காட்டை அவரைச் சின்ன வயதில் வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 வயதாகும் ஆண்டிலிருந்து 15 வயதாகும் ஆண்டு வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.25 விழுக்காடு. 16 முதல் 23 வரை ஒவ்வொன்றுக்கும் 0.5. கூட்டிப் பாருங்கள், நாலு கால் ஒன்று, எட்டு அரை நான்கு, மொத்தம் ஐந்து. நம் பையன் ஒருவன் 12 முதல் 15 வரை ஒரு சின்னக் கிளப்பில் ஆடியிருந்து, பின்னாளில் ஒரு மில்லியன் வெள்ளிக்கு வெளிநாட்டுக் கிளப் ஒன்று வாங்கினால், அந்தச் சின்னக் கிளப்புக்கு 10,000 வெள்ளி. கோல் வலை, பந்து, ஆட்டத்துக்குப் போக வேன் வாடகை என்று எங்களைப் போன்ற ஆட்களுக்கு அது ஓராண்டுச் செலவு.

ஹோண்டா மிலானுக்குப் போன மாதிரி இலவசமாகப் போனால் இதில் ஒரு காசும் வராது, விலை இருந்தால்தான் விழுக்காடு. இன்னொன்றும் இருக்கிறது. யார் எந்த சீசனில் எங்கே ஆடினார் என்பதை சங்கத்தின் பதிவேடு சொல்லும், அதற்குப் பெயரே ஆட்டக்காரர் கடவுச்சீட்டு. பதிவேட்டில் இல்லாத கிளப்புக்குப் பங்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வெயிலில் நின்று சொல்லிக்கொடுத்தவர் யார் என்று அந்தத் தாள் கேட்காது.

அன்று ஒட்டுக்கடையிலிருந்து திரும்பியதும் எங்கள் பையன்களின் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பேர் இதற்கு முன் வேறோர் அணியில் இரண்டு வருடம் ஆடியவர்கள். அந்த அணி அவர்களைப் பதிவே செய்யவில்லை. சட்டைக்குப் பணம் மட்டும் வாங்கியிருக்கிறது. அந்த இரண்டு வருடம் காற்றோடு போயிற்று. என் அக்கா மகனின் படிவத்தில் பிறந்த தேதி தப்பாக இருந்தது, எழுதியது நான்தான். 12 வயது எந்த ஆண்டில் வருகிறது என்பதே அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை எல்லாரும் பிறப்புப் பத்திர நகலோடு வரச் சொல்லியிருக்கிறேன்.